பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் டிவியில் ஒரு வரி தவறாமல் ஓடும்: கடலூர், நாகை துறைமுகங்களில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. சின்ன வயதில் இதைக் கேட்டு, யாரையோ பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கூண்டு என்பது உயரமான கம்பத்தில் தொங்கவிடும் கூம்பு, உருளை வடிவச் சட்டம். பகலில் இந்தக் கூண்டு, இரவில் அதற்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். வானொலி இல்லாத காலத்தில், தூரத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் கண்ணால் பார்த்தே சேதியைத் தெரிந்துகொள்ள வந்த ஏற்பாடு இது. 1864ல் ஒரு பெரும்புயல் கல்கத்தாவைச் சூறையாடியது. மறு ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கிவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறையே அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1875ல்தான் பிறந்தது.

எண் கூடக் கூடப் புயல் பெரிது என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 1, 2 என்றால் எங்கோ தொலைவில் கடல் சரியில்லை. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே காற்று மழை வரலாம். 5, 6, 7 மூன்றுமே ஆபத்து என்ற ஒரே நிலைதான். புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் விட்டுப் போகும், அல்லது நேராகவே மேலே வருமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 அதேபோல, ஆனால் பெரும் ஆபத்து. ஆக, 6 என்பது 5ஐவிட மோசம் அல்ல. புயல் கடக்கும் பக்கம்தான் வேறு.

வரிசையில் கடைசி எண் 11. பத்தைவிடப் பயங்கரமான புயலுக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார். 11க்கு இவ்வளவுதான் பொருள். சேதி வரவில்லை என்பதையே ஒரு சேதியாக மாற்றி மேலே ஏற்றுகிறார்கள்.

பேரிடர் நேரத்தில் அரசு தகவலையும் தொழில்நுட்பத்தையும் எப்படிக் கையாள்கிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தப் பதினொன்றிலிருந்துதான் ஆரம்பிப்பேன். சாட்டிலைட், ரேடார், ஆப் எல்லாம் அப்புறம்.

சரி, அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஓர் ஆபத்து வரும்போது அரசு மூன்று வேலை செய்தாக வேண்டும். வருவதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். பார்த்ததைச் சம்பந்தப்பட்டவர்களின் காதில் போட வேண்டும். அடி விழுந்த பிறகு, எங்கே யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வேலைக்குத்தான் பணமும் பெருமையும் அதிகம். வானத்தில் இன்சாட் செயற்கைக்கோள், சென்னைத் துறைமுகத்தின் பக்கத்தில் 2002 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் டாப்ளர் ரேடார், காரைக்காலில் இன்னொன்று, கடலில் மிதவைகள் என்று அந்தப் பக்கம் நன்றாகவே வளர்ந்துவிட்டது. புயலின் பாதை இப்போது பெரும்பாலும் நாள்கணக்கில் முன்கூட்டியே தெரிகிறது. இரண்டாவது வேலையும் மூன்றாவது வேலையும்தான் ஆளைக் கொல்கின்றன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது இந்திய நேரப்படி காலை 6.28 வாக்கில். தமிழகக் கரையைப் பெரிய அலை தொட்டபோது மணி ஏறக்குறைய ஒன்பது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி நேரம். கிழவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் அரை மணி நேரம்.

சேதியே இல்லாமல் இல்லை. கார் நிக்கோபாரில் இருந்த விமானப்படைத் தளத்தை அலை எட்டு மணிக்கு முன்பே அடித்துவிட்டது. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்ற பொருளில் அங்கிருந்து ஒரு தகவல் வந்ததாகவும், அதோடு தொடர்பு அறுந்துவிட்டதாகவும் அப்போதைய விமானப்படைத் தளபதி பின்னர் சொன்னார். அதாவது பதினோராம் எண் கூண்டு ஏறிவிட்டது. ஆனால் அந்த மௌனம் நாகப்பட்டினம் கடற்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு என்ன சொல்கிறது என்று மொழிபெயர்க்க யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கவில்லை. வானிலைத் துறையிலிருந்து டெல்லியில் துறை அமைச்சருக்கு என்று அனுப்பிய தொலைநகல், பதவியில் இல்லாத முந்தைய அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் அப்போது செய்தி வந்தது. சிரிக்கத் தோன்றும். ஆனால் தொலைபேசிப் பட்டியலைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் அலுவலகம் எது என்று உங்கள் தாலுகாவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

அதே காலையில் புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில் வேறு ஒன்று நடந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் இந்தோனேசியக் காட்சியைப் பார்த்ததும் ஊருக்கு போன் போட்டார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராமத் தகவல் மையம் ஒன்று இருந்தது; அதோடு சேர்ந்து ஒலிபெருக்கியும். விஷயம் தெரிந்ததும் மைக்கைப் பிடித்து, எல்லோரும் கடற்கரையை விட்டு ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஆனால் ஊரே தப்பியது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் சிங்கப்பூர் போனை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒலிபெருக்கிதான். அந்தக் கடற்கரையில் இப்படிப்பட்ட மையங்கள் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்ற தகவலை அன்றாடம் சொல்லிவந்தன. தினமும் பேசுகிற குரல் என்பதால், அன்றைக்கு அது ஓடு என்று சொன்னபோது, எதற்கு ஓடணும் என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆபத்தன்று மட்டும் உயிர்பெறும் கருவியை ஆபத்தன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நிறைய மாறியது. 2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்துக்குள் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கமானிகளும், ஆழ்கடல் அடியில் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோரத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளும் அங்கே தகவல் அனுப்புகின்றன. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ரா அருகே மறுபடி 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். சில நிமிடங்களிலேயே இன்காய்ஸ் அறிக்கை வெளியிட்டுவிட்டது. அன்று பேரலை வரவில்லை. நிலத்தட்டுகள் மேலும் கீழும் எகிறாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீர் எக்கப்படவில்லை. கருவிகள் கடலில் அலை உயரத்தை அளந்து காட்டியதால் எச்சரிக்கையையும் அன்றே விலக்கிக்கொள்ள முடிந்தது. எச்சரிக்கையை எடுப்பதும் தொழில்நுட்பத்தின் வேலைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது, நுங்கம்பாக்கத்தில் இருக்கும் வானிலை மையத்திலிருந்து ஓர் எச்சரிக்கை உங்கள் தெருவுக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். அங்கிருந்து சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து மாவட்ட ஆட்சியர். சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், விஏஓ, கடைசியில் கிராம உதவியாளர். பழைய பெயரில் சொன்னால் தலையாரி. ஒருகாலத்தில் தலையாரி சொல்ல, பறையறைந்து தண்டோரா போட்டார்கள். 2022ல் தமிழக அரசு தண்டோராவுக்குத் தடை விதித்தது. ஒரு சமூகத்து மனிதர்களை இழிவாக நடத்தும் வழக்கம் அது என்பதும், ஒலிபெருக்கி கட்டிய வண்டி எங்கும் கிடைக்கும் காலத்தில் அது தேவையில்லை என்பதும் காரணம். நியாயமான முடிவு. ஆட்டோவில் மைக் கட்டிப் போய் அறிவிப்பதுதான் இன்றைக்கு வழக்கம். வானத்திலிருந்து 36,000 கிலோமீட்டர் வந்த தகவல், கடைசி ஒரு கிலோமீட்டரை ஷேர் ஆட்டோவில் கடக்கிறது.

எட்டுக் கை மாறும் சேதி எட்டு இடத்தில் தாமதமாகும், எட்டு இடத்தில் திரியும். அதற்குத்தான் நேரடியாகச் செல்பேசிக்கே அனுப்பும் வழிகளைக் கொண்டுவந்தார்கள். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் வகை எஸ்எம்எஸ். இது கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல. பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போய்க் கொடுக்க வேண்டும். பத்து லட்சம் பேர் என்றால் பத்து லட்சம் முறை. எல்லோரும் ஒரே நேரத்தில் போன் பண்ணிக்கொண்டிருக்கும் புயல் இரவில் அது வரிசையில் நிற்கும். கரையைக் கடந்த பிறகு வந்து சேரும் எச்சரிக்கையும் உண்டு. உங்கள் எண் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. நேற்றுத்தான் வேளாங்கண்ணிக்கு வந்திறங்கிய வெளிமாநில யாத்ரிகர் எந்தப் பட்டியலில் இருப்பார்?

இரண்டாவது வகை, செல் பிராட்காஸ்ட். இது கோயில் லவுட்ஸ்பீக்கர். டவர் ஒரே ஒரு முறை பொதுவில் கத்தும். அந்த டவரின் கீழ் நிற்கும் எல்லா போனும் அதைக் கேட்கும். எண் தேவையில்லை, பட்டியல் தேவையில்லை. ஆயிரம் பேர் இருந்தாலும் லட்சம் பேர் இருந்தாலும் டவருக்கு ஒரே வேலைதான், அதனால் நெரிசலில் சிக்காது. எந்தப் பகுதி டவர்கள் கத்த வேண்டும் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் இதற்குச் சோதனை நடந்தது. நான் அப்போது ஒரு டீக்கடையில் இருந்தேன். சட்டைப்பையிலும் மேஜையிலும் கல்லாப்பெட்டி மேலும் இருந்த போன்களெல்லாம் ஒரே சமயத்தில் அலறின. மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். இது வெறும் சோதனைதான் என்று முந்தின நாளே செய்தி வந்திருந்தும் ஒருவர், என் போன் வெடிக்கப்போகுது என்று அதை வெளியே வைத்துவிட்டு வந்தார். அந்த அதிர்ச்சிதான் வேண்டியது. வாட்ஸ்அப் ஓசைக்கும் பேங்க் ஓசைக்கும் நடுவில் இது ஒன்றும் காணாமல் போய்விடக் கூடாது.

ஆனால் லவுட்ஸ்பீக்கருக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று தெரியாது. போன் அணைந்திருந்தால் இல்லை. டவருக்குக் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் அதுவும் இல்லை.

இதற்குப் பின்னால் வெளியே தெரியாத ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. முன்பு டிவிக்கு ஒரு குறிப்பு, எஸ்எம்எஸ்சுக்கு ஒரு வாசகம், ரேடியோவுக்கு வேறொன்று என்று தனித்தனியாக எழுதுவார்கள். மூன்றிலும் மூன்று விதமாக வரும். இப்போது உலகம் முழுக்கப் பொதுவான ஓர் எச்சரிக்கைப் படிவம் இருக்கிறது. என்ன ஆபத்து, எந்தப் பகுதி, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்று கட்டங்களை ஒருமுறை நிரப்பினால் போதும். போன், டிவி, சைரன், ஆப் எல்லாமே அதையே எடுத்துக்கொள்ளும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் இந்த முறையில்தான் ஓடுகிறது. அவசரம், கடுமை, நிச்சயம் மூன்றையும் தனித்தனிக் கட்டமாகப் பிரித்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் பேச்சு வழக்கில் மூன்றையும் சேர்த்து ஐயையோ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

சொல் என்றதும் ரெட் அலர்ட் ஞாபகம் வருகிறது. வானிலைத் துறை தரும் நிறங்கள் நான்கு: பச்சை என்றால் ஒன்றுமில்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஆட்சியர் அலுவலகமும் மாநகராட்சியும் மின்வாரியமும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய குறிப்பு இது. இது டிவிக்குப் போய், பின்னணி இசை சேர்ந்து, உலகம் அழியப்போவதுபோல நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிர்பார்த்த அளவு மழை அந்த 16ஆம் தேதி வரவில்லை. உடனே கேலி, மீம்ஸ். எனக்கு அந்தக் கார்க்காரர்கள் முட்டாளாகத் தெரியவில்லை. தகவலைக் கேட்டார்கள், தங்களிடம் இருந்த சொத்தை மேட்டுக்கு ஏற்றினார்கள். எச்சரிக்கை அமைப்பு ஜனங்களிடம் எதிர்பார்ப்பது இதைத்தானே? மழை வரும் என்பது எப்போதும் நிகழ்தகவுதான். பத்துக்கு மூன்று முறை பொய்க்கும் எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்ளாத ஊர், அந்த மற்ற ஏழு முறைக்கும் சேர்த்து விலை கொடுக்கும்.

இன்னொரு தொடர், புயல் கரையைக் கடந்தது. இதைக் கேட்டு, ஆபத்து போயிற்று என்று கதவைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். கடந்தது புயலின் மையம் மட்டும். மையத்துக்குள், அதாவது கண் பகுதியில், காற்று சட்டென்று அடங்கும், வானம்கூடத் தெளியலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அறையும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்று சொல்வதைவிட, தகர ஷீட் பறக்கும், தென்னை முறியும், இரண்டு நாள் கரண்ட் இருக்காது, காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள் என்று சொன்னால்தான் பாட்டிக்குப் புரியும். வானிலைத் துறையும் இப்போது காற்று என்ன செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

அனுப்பியதும் கிடைத்ததும் ஒன்றல்ல என்பதற்கு அண்மைக்கால உதாரணம் சாத்தனூர் அணை. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1, 2க்கு நடுவிலான இரவில் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பே இல்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து கட்டமாக எச்சரிக்கை விடுத்தோம் என்று அரசு பதில் சொன்னது. அரசியலை ஓரம் வைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு தரப்பும் ஒரே சமயத்தில் உண்மை சொல்லியிருக்கவும் முடியும். பதிவேட்டில் நேரம் குறித்து ஐந்து அறிக்கை இருக்கும். இரவு இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர் வீட்டில் ஓர் அறிக்கையும் இருக்காது. எத்தனை அறிக்கை வெளியிட்டோம் என்று எண்ணுவது சுலபம். எத்தனை பேர் எழுந்து மேட்டுக்குப் போனார்கள் என்று எண்ணுவதற்கு யாராவது வாசலில் போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

ஒடிசாக்காரர்கள் இதை அடிபட்டுக் கற்றார்கள். 1999 பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2019ல் ஃபானி புயலுக்கு முன் 12 லட்சம் பேரை இடம்பெயர்த்தார்கள். 26 லட்சம் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. 43,000 தொண்டர்கள் களத்தில் இருந்தார்கள், கடற்கரை சைரன்கள் ஊதின, ஏற்றிக்கொண்டுபோகப் பேருந்தும், தங்குவதற்குக் கட்டிடமும் தயாராக இருந்தன. இறப்பு நூற்றுக்கும் கீழே நின்றது. குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தால் ஜனங்கள் படித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மாடு, ஆடு, பூட்டாத கதவு, போக இடமில்லாத நிலை, எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை வீட்டோடு கட்டிப்போடுகின்றன.

கரையில் இருப்பவர்களுக்கே இந்தப் பாடு என்றால் கடலில் இருப்பவர்களுக்கு? 2017 நவம்பர் கடைசியில் வந்தது ஒக்கி. குமரிக்கு அருகே மிக வேகமாக வலுத்துப் புயலானது. கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் ஒருநாள் தொழிலுக்குப் போகிறவை அல்ல. போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. ஏற்கெனவே கடலில் இருப்பவனிடம் கடலுக்குப் போகாதே என்று சொல்லி என்ன பயன்? சொல்லத்தான் வழி ஏது? கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் டவர் கைவிட்டுவிடும். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ்ஸும் குறிப்பிட்ட தூரம்வரைதான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. அவர்களில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு 2019ல் ஜெமினி என்ற சின்னப் பெட்டியை இன்காய்ஸ் அறிமுகப்படுத்தியது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் மீனவரின் போனுக்குத் தள்ளும். நல்ல யோசனை. குறை என்னவென்றால் அது காது மட்டும், வாய் இல்லை. கரை சொல்வதைப் படகு கேட்கும், படகு பதில் சொல்ல முடியாது. இப்போது இஸ்ரோவின் உதவியோடு இரண்டு பக்கமும் பேசும் டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தி வருகிறார்கள். எங்கே இருக்கிறோம் என்பது கரைக்குத் தெரிந்துவிடுமே, எல்லை தாண்டினால் மாட்டிக்கொள்வோமே, மீன் கிடைக்கும் இடம் அம்பலமாகிவிடுமே என்ற தயக்கம் சில படகுக்காரர்களிடம் இருக்கும். உயிர்காக்கும் கருவியே வேவுபார்க்கும் கருவியும் ஆகலாம் என்பது நியாயமான கவலைதான். அதைப் பேசித் தீர்க்காமல் பெட்டியை மட்டும் மாட்டினால், பெட்டி இருக்கும், சுவிட்ச் அணைந்திருக்கும்.

இப்போது மூன்றாவது வேலை: ஜனங்களிடமிருந்து அரசுக்கு வரும் தகவல். மாநில அளவில் 1070, மாவட்ட அளவில் 1077, பொதுவாக 112, ஆம்புலன்சுக்கு 108. எண்கள் சரிதான். 2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் என்ன நடந்தது என்றால், தண்ணீர் ஏறியது, கரண்ட் போனது, டவர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எண்ணைக் கூப்பிடுவதற்கு போன் வேலை செய்ய வேண்டுமே. 1878ல் தொடங்கிய தி இந்து நாளிதழ், ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால் மறுநாள் வெளிவரவில்லை. அந்த இடைவெளியைச் சமூக ஊடகத்தில் இளைஞர்கள் நிரப்பினார்கள். யாருக்குப் படகு வேண்டும், யாரிடம் சாப்பாடு இருக்கிறது என்று பொதுவில் அட்டவணை போட்டார்கள். எந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று ஜனங்களே குறித்த வரைபடம் உருவானது.

அருமையான வேலை. அதற்குள் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது: நேரம். முடிச்சூரில் கைக்குழந்தையோடு மொட்டைமாடியில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற சேதி எனக்கு மூன்று நாள் தொடர்ந்து வந்தது. மூன்றாம் நாள் ஒரு நண்பர் அதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டபோது, எங்களை முதல்நாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், தயவுசெய்து இனி யாரும் கூப்பிடாதீர்கள் என்றாராம் அந்த அம்மா. அந்தச் சேதியில் தேதியும் இல்லை, மணியும் இல்லை. ஒரே குடும்பத்தைத் தேடி மூன்று படகு போனால் இரண்டு படகு வேறு யாரிடமோ போகாமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். உதவி கேட்டு எதையாவது பகிரும்போது தேதி, மணி, இடத்தின் அடையாளம், எத்தனை பேர் என்பதை எழுதுங்கள். மீட்டதும், மீட்டாயிற்று என்று அதே இடத்தில் எழுதுங்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சரி, சேதியே அனுப்ப முடியாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? மறுபடி பதினோராம் எண்ணுக்கு வருகிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்து, ஊதிப் பார்த்து, டிரைவர் மெதுவாக முன்னே எடுத்தார். அலை ரயிலை அப்படியே அள்ளிக்கொண்டது. யாரும் பிழைக்கவில்லை. சிக்னல் ஏன் மௌனமாக இருந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். அன்றைக்கு அந்த இருட்டில் இருந்தவருக்கு அது வழக்கமான தாமதம்போலத்தான் தெரிந்திருக்கும்.

2004ல் அந்தமானில் தொலைபேசி எல்லாம் செத்துக் கிடந்தபோது, வேறு காரியமாக டெல்லியிலிருந்து போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் வானொலிக் குழுதான், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்களின் குழுதான், வெளியுலகத்தோடு பேசும் வழியாக இருந்தது. பேட்டரியும் ஒரு கம்பி ஆன்டெனாவும் போதும் என்ற பழைய தொழில்நுட்பம் அது. இன்றைக்கும் கட்டுப்பாட்டு அறைகளில் சாட்டிலைட் போனுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. முன்கூட்டியே ஆயிரக்கணக்கானோரை முகாம்களுக்கு மாற்றியதற்கு அரசுக்குப் பாராட்டு கிடைத்தது. அடுத்த நாட்களில் கதை மாறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னைகள் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. போன் இல்லை. டவர் உயிரோடு இருந்த ஊர்களிலிருந்து படமும் காணொளியும் வந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்த கிராமங்களிலிருந்து எதுவும் வரவில்லை. அதிகம் அழைப்பு வரும் இடத்துக்கே வண்டி முதலில் போகும் என்பது எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கும் உள்ள இயல்பு. சத்தம் போடும் ஊரில் பேச ஆள் இருக்கிறது, போன் இருக்கிறது, டவர் இருக்கிறது. அடி பலமாக விழுந்த ஊரில் இவை மூன்றுமே இருக்காது.

சேத அறிக்கைப் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு எதிரே காலியாக ஒரு கட்டம் இருக்கும். மேலே போகப் போக அந்தக் காலிக் கட்டம், கூட்டல் கணக்கில் பூஜ்யம் ஆகிவிடும். சேதம் இல்லை என்று எழுதியது வேறு, எழுத ஆளே இல்லாமல் விட்டுப்போனது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்கு மென்பொருள்கூட வேண்டாம். சிவப்பு மசிப் பேனா போதும். தொடர்பு இல்லை என்று அந்த ஊருக்கு எதிரே எழுதி, முதல் வண்டியை அங்கேதான் அனுப்ப வேண்டும், மரம் அறுக்கும் இயந்திரத்தோடும் ஒரு வயர்லெஸ் பெட்டியோடும்.